யாரு கழுவுனது?

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாயே, "அம்மா, அப்பாவ வெடி போடச் சொல்லாதீங்க, கல்யாணத்துக்கு நிரோஷா வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க, திரும்பவும் புஸ்ஸுன்னு போனா என் மானமே போயிரும், நான் சீனவெடி ரெண்டு பெட்டி வாங்கிட்டு வாறேன்" என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. உனக்குக் கேட்டிருக்காது, ஏனென்றால் நீ பேசினால் பேசிக்கொண்டே போவாய், எதிரில் இருப்பவர் மூச்சு விட்டாரா இல்லையா என்று பார்க்க மாட்டாய். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது, அதனால் திட்டவும் முடியவில்லை. ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. என் கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு பலகை மேல் வைத்திருந்தேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நீ வைத்த பிறகு, கத்தியை நிறுத்தாமலேயே, "அவன் சொல்றதும் சரிதான புள்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் செய்ததையும், அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததையும் எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்துவிடுவாய். தாளில் புகுந்து பேச முடியாது பார், அந்தச் சந்தோஷம் எனக்கு.

முதலில் அப்பா வெடி போடும் அந்தத் துவக்கு, அந்தப் பழைய துப்பாக்கி, எனக்கு எப்படிச் சொந்தமானது என்று சொல்கிறேன். லைசன் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து வாச்சர் என்பதாலும், ருவான்வெல்லைப் பக்கம் காட்டை ஒட்டி நமக்கு அரை ஏக்கர் மரவள்ளி இருப்பதாலும் கொடுத்தார்கள். பன்றிக்கும் குரங்குக்கும் வெடிச்சத்தம் காட்டுவதுதான் அதன் வேலை. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்து, கம்பியால் இடித்து, பின்பக்கத்து மூக்கில் தட்டினால் பொறி பறக்கும் கெப் வைத்துச் சுடுகிற பழைய சாமான். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், "மருந்து முடிஞ்சிருச்சு, டவுனுக்குப் போய் மருந்து வாங்கணும்" என்றார். ஐயோ, மாப்பிள்ளைக்கு ஏதோ சீக்கு இருக்கிறது, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைத்து, "என்ன வருத்தத்துக்குங்க?" என்று அழாத குறையாகக் கேட்டேன். "பன்னி வருத்தத்துக்கு" என்றார். அந்த ஆள் பகிடி விட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பிடித்த சிரிப்பு, இத்தனை வருஷம் கழித்தும் மருந்துச்சீட்டைக் கையில் எடுத்தால் எனக்கு வருகிறது.

அடுத்த வாரம்தான் சண்டை. மரத்தில் பால் வெட்டி முடித்து, வாளியை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறேன், என் அம்மா சீதனமாகக் கொடுத்த புதுக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது. எனக்குத் தேத்தண்ணி போடுகிறார் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். பார்த்தால், அந்த மனுஷன் கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய்த் துவக்குக் குழலுக்குள் ஊற்றுகிறார். கேத்தல் மூக்கும் குழல் வாயும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஊத்தை முட்டை வாசம் வரிசை வீட்டு லயம் முழுக்க அடிக்கிறது. வெடித்த மருந்தின் கரியில் தண்ணீர் பட்டால் அந்த வாசம்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க நான் போட்ட கூச்சலில் அவர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீயே கழுவு" என்றார். "கழுவுறேன், என்ன பெரிய காரியம்" என்றேன். வாய்க்கொழுப்பில் வாங்கிய வேலை தம்பி அது. கேத்தலைக் காப்பாற்றப் போய் துவக்கைக் கட்டிக்கொண்டேன்.

பெரிய காரியம்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். எடுத்தவுடன் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வெறுங்குழல் என்றால் கம்பி அடியில் போய் 'டிங்' என்று இரும்பில் இரும்பு படும். உள்ளே மருந்து கிடந்தால் 'தொப்' என்று அடங்கிப்போகும், கம்பியில் போட்டிருக்கும் கோடும் வெளியே நிற்கும். 'டிங்' கேட்காமல் வேறு எதிலும் கை வைக்கக்கூடாது. அதற்குப் பிறகு ஆணியைத் தட்டிக் குழலை மரத்திலிருந்து கழற்றி, அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி, கம்பி முனையில் துணியைச் சுற்றி மேலும் கீழும் இழுத்தால், கெப் வைக்கிற மூக்கில் இருக்கும் ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீரைக் குழல் தானே உறிஞ்சும், தானே துப்பும். முதல் சட்டி மை மாதிரி வரும். இரண்டாவது சாம்பல் நிறம். நான்காவது சட்டியில்தான் தெளியும். கடைசியில் கொதிக்கிற தண்ணீரை ஒரு தடவை ஊற்றினால் குழல் கையில் பிடிக்க முடியாமல் சுடும், அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் காய்ந்துபோகும். அதுவும் போதாது, உலர்ந்த துணியை ஒன்றன் பின் ஒன்றாக விட்டு, கடைசித் துணி வெள்ளையாகப் போய் வெள்ளையாகத் திரும்பி வர வேண்டும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூச வேண்டும். நான் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் பூசி, ஒரு வாரத்தில் அது பிசின் மாதிரி உறைந்து, எறும்புப் படையே குழலுக்குள் குடிபோனது. அதற்குப் பிறகு தையல் மெஷின் எண்ணெய்தான். மரத்துக்கும் இரும்புக்கும் வெளியே தடவ ஒரு துணி, உள்ளே விட ஒரு துணி, வாயில் அடைக்க எண்ணெய் நனைத்த ஒரு துணிச்சுருள். மூன்றையும் ஒரு பழைய மாவு டின்னில் வைத்திருப்பேன், நீ குழந்தையாக இருக்கும்போது அந்த டின்னைத் திறந்து மோந்து பார்ப்பாய்.

சொன்னால் நம்ப மாட்டாய், எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடி, மரத்துக்கு மரம் ஓடி, வாளி தூக்கி ஓடி, எல்லாமே ஓட்டம்தான் என் வாழ்க்கை. இது ஒன்றைத்தான் ஓடிக்கொண்டே செய்ய முடியாது. மழை வெறித்த பிற்பகலில் வாசலில் சட்டியை வைத்து உட்காருவேன், உன் அப்பா எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார், ஊர்க்கதை எல்லாம் அப்போதுதான் பேசுவோம். நீ பிறக்கப்போகிறாய் என்பதைக்கூட மூன்றாவது சட்டித் தண்ணீரில்தான் அவரிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டார், விக்கல் நிற்கவே இல்லை.

ஒரு வருஷம் லைசன் புதுப்பிக்கிற காலத்தில் துவக்கைப் பொலிசுக்குக் கொண்டுபோய்க் காட்டப் போனோம். நான் சும்மா துணைக்குப் போனேன். அங்கிருந்த சார்ஜன், தொப்பை வைத்த நல்ல மனுஷன், கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவுத மேக்க ஹேதுவே?" என்று சிங்களத்தில் கேட்டார். யார் இதைக் கழுவியது என்று. உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மகே நோனா, மாத்தயா" என்றார். என் மனைவி என்று. சார்ஜன் எழுந்து நின்று, "ஹரி லஸ்ஸனய் நோனா", ரொம்ப அழகாக இருக்கிறது அம்மா என்று எனக்கு ஒரு சலூட் அடித்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா முன்சீட்டுக்காரர், பின்சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டத்தில் இறங்குவதற்குள் சார்ஜன் அடித்த சலூட் மூன்றாகிவிட்டது.

இந்தச் சம்பவத்தை நான் ஏன் இவ்வளவு நீட்டினேன் என்று கொஞ்ச நேரத்தில் உனக்குப் புரியும்.

நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். மாரியம்மன் தேர் நகர்வதற்கு முன்னால் ஒரு வெடி. தோட்டத்தில் கல்யாணமாகி மாப்பிள்ளையும் பொண்ணும் கோயிலுக்கு வந்து இறங்கினால் ஒரு வெடி. பொலிசில் கடிதம் எடுத்துக்கொண்டு, வெறும் மருந்தைப் போட்டு, வானத்தைப் பார்த்து. அதைப் போடுகிறவர் உன் அப்பா. நீ ஐந்தாறு வயதில் அவர் காலைக் கட்டிக்கொண்டு நிற்பாய், வெடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "எங்கப்பா! எங்கப்பா!" என்று தேரைவிடச் சத்தமாகக் கத்துவாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

உனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கும்போதுதான் அந்தத் திருவிழா. அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் மரவள்ளியில் பன்றி இறங்கி, அப்பா விடிகாலையில் வெடி போட்டுவிட்டு வந்தார். கழுவுவது என் வேலை. அன்றைக்கு விடாத மழை, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பிந்தினால் கங்காணி பேர் போட மாட்டார். இரண்டு சட்டித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். சுடுதண்ணீர் ஊற்றிக் காய வைக்கவில்லை. துணி விட்டேன், ஈரமாகத்தான் வந்தது, பரவாயில்லை என்றேன். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். துவக்கு மாட்டியிருந்த மூலையில் தகரம் ஒழுகியது. துணிச்சுருள் போதாது, வாயை இறுக்கி அடைக்க வேண்டும் என்று யோசித்தேன். அப்போதுதான் உன் அம்மாவின் மூளை வேலை செய்தது. சிரட்டையில் மிச்சம் இருந்த ரப்பர் பாலில், சீக்கிரம் உறைய வேண்டுமென்று ஸ்டோர் எசிட்டைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டு, உறைந்து வரும்போது உருட்டி, குழல் வாயில் சோடாப் போத்தல் மூடி மாதிரி அழுத்திவிட்டேன். தண்ணீர் ஒரு சொட்டு இறங்காது. துரைமார் இங்கிலாந்தில் படித்தும் இப்படி ஒன்று கண்டுபிடிக்கவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு பெரட்டுக்கு ஓடினேன்.

ரப்பர் தோட்டத்துக்காரியைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. வெளித்தண்ணீர் உள்ளே போகவில்லைதான். உள்தண்ணீரும் வெளியே போகவில்லை. ஈரமும் எசிட்டும் சேர்ந்து மூன்று வாரம் குழலுக்குள் குடித்தனம் நடத்தின.

திருவிழா அன்று காலையில் அந்த மூடியைப் பிடுங்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கத்தி முனையால் நெம்பி, துண்டு துண்டாக எடுத்தேன். உள்ளே துணி விட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஆனால் அடுப்பில் பொங்கல் பானை, உன் சட்டையில் பட்டன் இல்லை, வாசலில் தப்பு மேளச் சத்தம் கேட்டுவிட்டது. அப்பா குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "பாத்துட்டியா புள்ள?" என்று கேட்டார். "பாத்தாச்சுங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன். தம்பி, என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், உன்னிடமே சொல்லியிருக்கிறேன், மிட்டாய் முடிந்துவிட்டது என்று. ஆனால் இந்த ஒன்றைத்தான் நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மற்ற நாளாக இருந்தால் அவர் வெறும் கெப் ஒன்றை வைத்து, தரையில் ஒரு காய்ந்த இலையைப் போட்டு, குழல் வாயை அதன் பக்கத்தில் பிடித்துத் தட்டிப் பார்ப்பார். ஓட்டை அடைபடாமல் இருந்தால் அந்தக் காற்றில் இலை துள்ளும். அன்றைக்குப் பார்க்கவில்லை. நான் பார்த்தாச்சு என்று சொன்னேனே, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டார்.

மற்றது நீ நேரில் பார்த்தது. மருந்தைக் கொட்டி இடித்தார், குழலை வானத்துக்குத் தூக்கினார், 'டிக்'. இன்னொரு கெப், 'டிக்'. மூன்றாவதில் மூக்கிலிருந்து ஒரு புகை, 'புஸ்ஸ்' என்று. தப்பு நின்றது. கூட்டத்தில் எவனோ "புஸ்வாணம்!" என்று கத்த, அம்மனே சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழும்பியது. உன் அப்பா அசையாமல் நின்றார். துவக்கை நேராக வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி, கண் சிமிட்டாமல் நின்றார். "எறக்குய்யா, வெக்கமாருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அவர் இறக்கவில்லை. நீ அன்றிரவு என்னிடம் கேட்டாய், "ஏம்மா அப்பா அப்புடி செல மாதிரி நின்னாரு? போயிருக்கலாமே?" தூங்கு என்று போர்வையை இழுத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேள். வெடிக்காத மருந்து உள்ளே கனன்றுகொண்டு இருக்கலாம். எந்த நிமிஷத்திலும் வெடிக்கும். சுற்றிலும் சனம், சின்னப்பிள்ளைகள், அதில் நீயும் ஒருவன். அதனால்தான் கை மரத்துப்போகும் வரை குழலை வானத்துக்கே பிடித்திருந்தார். தேர் அவரைத் தாண்டிப் போனது, சிரித்தவர்கள் தாண்டிப் போனார்கள், எல்லோரும் போன பிறகு குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துவிட்டுத்தான் கையை இறக்கினார். நீ வெட்கக்கேடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே சுயபுத்தியோடு நின்ற ஒரே ஆள் உன் அப்பாதான்.

திரும்பி வந்த தேரடியில் கோயில் தலைவர் நிறுத்திக் கேட்டார். "என்னய்யா இப்புடி ஆயிருச்சு? யாரு கழுவுனது?" நான் பொங்கல் பானையோடு நாலடி தள்ளி நிற்கிறேன். உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தாங்க" என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும், துவக்குக் கழுவுகிறவள் நான் என்று. ஆனாலும் ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கேத்தல் சண்டைக்குப் பிறகு முதன்முறையாக அன்று பிற்பகல் அவரே உட்கார்ந்து துவக்கைக் கழுவினார். என்னைக் கிட்ட வரவிடவில்லை, அதற்குப் பிறகும் அவரேதான் கழுவினார். கோபம் என்று நினைத்தேன். மூக்கு ஓட்டையிலிருந்து ஊசியால் துருப்பொடி எடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஈரம் என்று நினைத்திருப்பார், மூடி விஷயம் தெரிந்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் "புஸ்வாணம்" என்ற பெயர். பன்றிக்கு ஒழுங்காகத்தான் வெடித்தது, ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. "பன்னிக்கு வெடிக்குது, சாமிக்கு வெடிக்கல" என்று நீயே பகிடி பண்ணியிருக்கிறாய். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டை கிழிந்து வந்தாய், புஸ்வாணத்து மகனே என்று கூப்பிட்டவனை அடித்துவிட்டு. வந்த ஆத்திரத்தில் அப்பா முகத்துக்கு நேரே, "ஒங்களாலதான்" என்று கத்தினாய். அவர் ஊசியும் நூலும் எடுத்து உன் சட்டையைத் தைத்தார். நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய் காரத்தில் கண்ணீர் வருகிறது என்று சொல்ல வசதியாக இருந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சட்டை மட்டும்தான் கிழிந்திருக்கும், உனக்கு உன் அப்பா மேல் இருந்த பெருமை கிழிந்திருக்காது. இதுதான் நான் உனக்குச் செய்த பெரிய அநியாயம். மன்னித்துக்கொள் என்று கேட்பதற்கு இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் தலைவர் வந்து கூப்பிடுவார். "பழச விடுய்யா, இந்த வருஷம் நீயே போடு." அவர் சொல்லும் ஒரே பதில், "வேற ஆளப் பாருங்க." வேறு ஆள் கிடைக்காமல்தான் சீனவெடி வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "அவன் சொல்றதும் சரிதான புள்ள" என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளே என்னவோ பொத்துக்கொண்டது. கையில் இருந்த கிழங்கைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, பெரட்டு, எசிட், மூடி, கண்ணாடி மாதிரி இருக்கு என்று சொன்ன பொய், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவர் சீவிய கிழங்கை வரிசையாக அடுக்கிவிட்டு, "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்புடி?"

"கொழா வாயில பால் வாசம் அடிச்சுச்சே. உள்ளுக்கு வெள்ளையா ஒரு வளையம் வேற ஒட்டியிருந்துச்சு. தோட்டத்துல துவக்குக்குப் பால்கட்டி அடைக்கிற ஆளு ஒன்னத் தவிர யாரு இருக்கா?"

"பின்ன ஏங்க ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு? நீ அழுவ. இப்ப அழுவுறியே, அது மாதிரி."

"அப்ப இத்தன வருஷமா ஏங்க வெடிக்குப் போகல? என் மேல கோவமா?"

அதற்குத்தான் அவர் சீவுவதை நிறுத்தினார். கத்தியைத் துடைத்து வைத்தார். "நான் திரும்ப வெடிக்குப் போனா, அன்னைக்கி என்ன கொறைன்னு சனம் கேக்கும். அம்மன் வாசல்ல நிண்டு ஒருக்கா பொய் சொல்லியாச்சு, நாந்தான் கழுவுனேன்னு. இன்னொருக்கா சொல்ல எனக்கு வாய் வரல. நெசத்தச் சொன்னா ஒன்ன எல்லாரும் சிரிப்பாங்க. அதான் போகல." சொல்லிவிட்டு, "கெழங்கு கறுத்துரும், தண்ணி ஊத்து" என்றார்.

தம்பி, சார்ஜன் கேட்டபோது அவர் என்ன சொன்னார் என்று மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை வாசித்துப் பார். அதே கேள்விதான். நல்ல பெயர் வந்தபோது என் பெயரைச் சொன்னார், கெட்ட பெயர் வந்தபோது தன் பெயரைச் சொன்னார். இப்படிப்பட்ட ஒரு ஆளோடு குடும்பம் நடத்திக்கொண்டு, அவர் கோபமாக இருக்கிறார் என்று பன்னிரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் சிரிப்புத்தான் ஜெயித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து என்ன பாட்டி என்று எட்டிப் பார்த்தது.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? பால் ஊற்றிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். தலைவரும் கமிட்டிக்காரர்களும் கொடிமரத்தடியில் இருந்தார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மனைப் பார்த்துச் சொன்னேன், "அன்னைக்கித் துவக்கக் கழுவுனது நான். கழுவாம விட்டதும் நான். பால்கட்டிய வச்சு அடச்சதும் நான். அவரு மேல ஒரு குத்தமும் இல்ல." தலைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "பால்கட்டியா? தொவக்குக்கா?" என்றார். பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பு, வாளியில் மிச்சமிருந்த பாலே உறைந்திருக்கும். இப்போது தோட்டத்தில் என் பெயர் "பால்கட்டி அக்கா". இன்று காலையில் பெரட்டில் கங்காணியே அப்படித்தான் கூப்பிட்டார். கூப்பிடட்டும். அந்தப் பெயரைப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டியவள் நான், பிந்தி வாங்கியிருக்கிறேன்.

உனக்குக் கல்யாணத்துக்கு உபதேசம் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. குடும்பத்தைத் துவக்கோடு ஒப்பிடவும் மாட்டேன், துவக்கை நாலு சட்டிச் சுடுதண்ணீரில் சுத்தம் பண்ணிவிடலாம். ஒன்றே ஒன்றுதான். நிரோஷா உன்னிடம் "பாத்தாச்சா?" என்று கேட்டால், அடுப்போ, கதவோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, பார்க்காமல் பார்த்தாச்சு என்று சொல்லாதே. உன் வார்த்தையை நம்பி அவள் அடுத்த காரியத்துக்குப் போய்விடுவாள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல், கொஞ்சம் திட்டுவாள், அதோடு போகும். ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு மேலே மூடி போடாதே. அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நிரோஷா நல்ல பிள்ளை. வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, துவக்கு என்றால் பயப்படுவாள் என்று நீதான் சொன்னாய். போன கிழமை என்னோடு பேசும்போது அவளாகவே கேட்டாள், "அத்தே, நாங்க கோயிலுக்கு வந்து எறங்கயில மாமா நெசமாவே வெடி போடுவாங்களா? நான் வீடியோ எடுக்கணும்." நீ வேண்டாம் என்பதை அவள் ஆசையாகக் கேட்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானம் மழை வெறித்தது. நான் வாசலில் சட்டியை வைத்தேன். அவர் எதிரில் வெற்றிலையோடு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு துவக்கு என் மடிக்கு வந்தது. கம்பி 'டிங்' என்றது. நான்கு சட்டி, கொதிதண்ணீர், உலர்ந்த துணி, மெஷின் எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. வெள்ளைத் துணி வெள்ளையாக வந்தது, அதை அவர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "சார்ஜனுக்கு அனுப்பவா?" என்றார். பிறகு தரையில் ஒரு காய்ந்த ரப்பர் இலையைப் போட்டு, வெறும் கெப் வைத்து, குழல் வாயை அதன் பக்கத்தில் பிடித்துத் தட்டினார். 'டப்' என்ற சத்தத்தோடு இலை வாசல்படியைத் தாண்டித் துள்ளி விழுந்தது. அவர் அந்த இலையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உன் ஐந்து வயதில் நீ காதைப் பொத்திக்கொண்டு கத்துவாயே, அப்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் அவராக வெடிக்கு வர மாட்டார். தலைவர் கேட்டுவிட்டார், நான் கேட்டுவிட்டேன், "மகன் கல்யாணம், மகன் சொல்லணும்" என்கிறார். அதனால் நீ போன் எடுத்து அவரிடமே பேசு. என்னிடம் அல்ல, அவரிடம். "அப்பா, நீங்கதான் வெடி போடணும்" என்று சொல். முதல் தடவை, "சீனவெடி இருக்கே தம்பி" என்பார். இரண்டாவது தடவை கேள். சீனவெடியும் வாங்கி வா, சின்னப்பிள்ளைகள் வெடிக்கட்டும்.

நீயும் நிரோஷாவும் கோயில் வாசலில் இறங்கும்போது நான் பொங்கல் பானையோடு எங்கேயும் தள்ளி நிற்க மாட்டேன். அவர் பக்கத்திலேயே நிற்பேன். வெடித்தாலும் சரி, புஸ்ஸென்று போனாலும் சரி, யாரு கழுவுனது என்று எவராவது கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன்.

உன் அம்மா